மிஸ் அடிக்கும் பிக்கப்: உப்புக்காற்றில் ஓடும் பழைய பெட்ரோல் வண்டிக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு நாடி பார்க்கும் வைத்தியர் பாம்பன் சாலைப் பாலம்தான். மண்டபம் வரைக்கும் ஒழுங்காக வந்த வண்டி, ஐஸும் மீனும் ஏற்றிக்கொண்டு பாலத்தின் நடு மேட்டை நோக்கி ஏறும்போது உள்ளே இருக்கும் நோயைக் காட்டிவிடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுக்காது. உடம்பு முழுக்க ஒரு உதறல். சைலன்சரில் சத்தம் விட்டுவிட்டு வரும். மீட்டரில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எட்டிப் பார்க்கும். மெக்கானிக் கடையில் இதை மிஸ்ஸிங் என்பார்கள். வண்டி மிஸ் அடிக்கிறது என்பார்கள்.

கரைவலை இழுக்கும்போது வரிசையில் ஒருவன் கையை விட்டால் கயிறு ஒரு சுண்டு சுண்டும் அல்லவா, அதேதான். நான்கு சிலிண்டரில் ஒன்று தன் முறை வரும்போது வெடிக்காமல் விட்டுவிடுகிறது. மற்ற மூன்றும் அதையும் சேர்த்துச் சுமக்கின்றன. வெடிக்காததற்குக் காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்: தீப்பொறி சரியாக விழவில்லை, பெட்ரோல் சரியாக வரவில்லை, காற்றின் அளவு கெட்டுவிட்டது, அல்லது சிலிண்டருக்குள் அழுத்தம் நிற்கவில்லை.

இந்தக் கட்டுரை இரண்டாம் கையாகப் பெட்ரோல் பிக்கப் வாங்கி, மீன், கருவாடு, ஐஸ், தேங்காய் என்று ஏற்றத் தொடங்கியிருக்கும் புதியவர்களுக்கு. கார்ப்ரேட்டர் இல்லாத, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும், எம்.பி.எஃப்.ஐ. என்று சொல்கிற இன்ஜெக்‌ஷன் வண்டியைத்தான் சொல்கிறேன். டீசல் குட்டி யானை வைத்திருப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது; அதில் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கே கிடையாது.

முதல் வருடம் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வண்டி மிஸ் அடித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். நான்கு பிளக் மாற்றினார்கள். ஒரு வாரம் கழித்து, பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் காயில். அப்புறம் இன்ஜெக்டர் சர்வீஸ். அப்புறம் ஆக்சிஜன் சென்சார். ஒரு மாத வாடகை வருமானம் அப்படியே போயிற்று; மிஸ்ஸிங் மட்டும் போகவில்லை. கடைசியில் கீழக்கரையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் காக்கா (அந்த ஊரில் அண்ணனை இப்படித்தான் அழைப்பார்கள்), மல்டிமீட்டரின் இரண்டு முனைகளை வைத்துப் பார்த்துவிட்டு, எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையைக் கழற்றினார். போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாக உப்பு பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது போல்ட் போட்டு முடுக்கினார். வண்டி சரியாகிவிட்டது. "தம்பி, இனிமே சாமானை மாத்துறதுக்கு முன்னாடி எடத்த மாத்திப் பாருங்க" என்றார். கீழே நான் எழுதுவது எல்லாம் அந்த ஒரு பேச்சிலிருந்து வளர்ந்ததுதான்.

விளக்கு சிமிட்டினால் நிறுத்துங்கள்

எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். சிமிட்டினால் காலை எடுத்துவிட்டு, பாலத்தில் இல்லாமல் பாதுகாப்பான இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். சிமிட்டுகிறது என்றால் எரியாத பெட்ரோல் நிறைய சைலன்சருக்குப் போகிறது என்று பொருள். அது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்து உள்ளே இருக்கும் தேன்கூடு உருகி அடைத்துக்கொண்டால், பிளக் விலையில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்துக்குப் போகும். அந்தச் சூட்டோடு காய்ந்த புல் மேலோ கருவேலஞ் சருகு மேலோ நிறுத்தவும் வேண்டாம். தீப்பிடிக்கும்.

எப்போது மிஸ் அடிக்கிறது?

ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஒரு துண்டுத் தாளில் எழுதுங்கள். மெக்கானிக்கிடம் போனாலும் அவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

விடியற்காலையில் பனி ஈரத்தில் மட்டும் மிஸ் அடித்து, வெயில் ஏற ஏறச் சரியானால், பெரும்பாலும் பிளக் வயர், காயில், ரப்பர் உறை. நின்ற இடத்தில் ஐடிலிங்கில் உதறி, வேகத்தில் சரியானால், எங்கோ காற்றுக் கசிவு. காலியாக ஓடும்போது சரி, லோடு ஏற்றினால் உதறல் என்றால், தீப்பொறி பலவீனம் அல்லது பெட்ரோல் அழுத்தம் போதவில்லை. லோடில் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடக் கூட பிளக் இடைவெளியைத் தாண்ட மின்சாரத்துக்கு அதிக வோல்ட் வேண்டும். பாலம் ஏறும்போது நோய் வெளிப்படுவதற்குக் காரணம் இதுதான். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு திடீரென அணைந்து, ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனால், எஞ்சின் சுழல்வதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைச் சந்தேகப்படுங்கள். வண்டியைக் கழுவிய மறுநாள் தொடங்கியது என்றால் பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கிறது, யோசிக்கவே வேண்டாம்.

இந்தக் கடைசி விஷயம் நம் பக்கத்தில் அதிகம். மீன் நாற்றம் போக பம்பு வைத்துப் பீய்ச்சிக் கழுவுகிறோம். சீட்டுக்கு அடியில் எஞ்சின் இருக்கும் வண்டிகளில் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் நினைப்பதில்லை.

கண்ணால் பார்க்கும் வேலை

எஞ்சினை அணைத்து, ஆற விட்டு, பகல் வெளிச்சத்தில் அரை மணி நேரம் சும்மா பாருங்கள். கடற்கரை வண்டிக்கு இந்த அரை மணி நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

நம் வண்டிகளில் உப்பு இரண்டு வழியாக ஏறுகிறது. ஒன்று காற்று. வாடைக்காலத்தில் வடகடல் பக்கமிருந்தும் கச்சான் காற்று வீசும்போது தென்கடல் பக்கமிருந்தும் சாரல் வந்துகொண்டே இருக்கும். தீவில் இருப்பவர்களுக்கு எந்த மாதமும் ஓய்வில்லை. தனுஷ்கோடி ரோட்டில் போய்வந்தால் கண்ணாடியில் படியும் அந்தப் பிசுபிசுப்பு எஞ்சினிலும் படிகிறது. இன்னொன்று லோடு. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. உப்பும் கவிச்சியும் கலந்த அந்தத் தண்ணீர் பாடியின் இடுக்கு வழியாக இறங்கி வயரிங் மேல் சொட்டும்.

வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் சொருகிதான் கப்ளர்; ஒவ்வொன்றையும் பூட்டை அழுத்திக் கழற்றிப் பாருங்கள். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள்; பழைய பிளாஸ்டிக் உடைந்துவிடும். பின்களில் பச்சைப் பொடியோ வெள்ளைப் பூப்போ இருந்தால் அங்கே மின்சாரம் தடுமாறுகிறது. காயில் கப்ளர், இன்ஜெக்டர் கப்ளர், கிராங்க் சென்சார், மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) என்ற வரிசையில் பார்ப்பது என் வழக்கம்.

சுத்தம் செய்யும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை நேராக அடித்தால் உப்பை உள்ளே வைத்து மூடியதுபோல் ஆகிவிடும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வெளிப்புறத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் துடையுங்கள். நல்ல தண்ணீர் என்றால் குடிக்கிற தண்ணீர். நம் ஊர் போர் தண்ணியே பல இடங்களில் உப்புதானே. அப்புறம் பின்களுக்கு எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய விடுங்கள். ரப்பர் சீலில் சிலிக்கான் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள். வீல் பேரிங்கிற்குப் போடும் கிரீஸ் இதற்கு ஆகாது.

எலி கடித்த வயர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மீன் வாசம் அடிக்கும் வண்டிக்கு எலி தேடி வரும்.

எர்த்: இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள்

காயிலுக்குப் போகும் மின்சாரம் எஞ்சின் உடம்பு வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்ப வேண்டும். சென்சார்கள் சொல்லும் அளவையும் கம்ப்யூட்டர் அந்த எர்த்தை வைத்துத்தான் கணக்கிடுகிறது. திரும்பும் வழியில் துரு ஏறினால் தீப்பொறி மெலியும். சென்சார் கணக்கும் தப்பும். இன்றைக்கு ஒரு சிலிண்டர், நாளைக்கு வேறு சிலிண்டர் என்று இடம் மாறி மாறி மிஸ் அடிக்கும். எந்த சாமானை மாற்றினாலும் பயன் இருக்காது. என் கதை அதுதான்.

சோதிப்பது சுலபம். முந்நூறு, நானூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். டி.சி. வோல்ட்டில் வையுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தண்டின்மேல் வையுங்கள். கிளாம்ப்பின்மேல் வைக்க வேண்டாம், தண்டின்மேலேயே வையுங்கள். சிவப்பு முனையை எஞ்சினில் பெயின்ட் இல்லாத வெற்று உலோகத்தில் வையுங்கள். இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு. கிளாம்ப், எர்த் பட்டை, சேஸிஸ் போல்ட் என்று முனையை ஒவ்வொரு இடமாக நகர்த்தி வையுங்கள். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ அங்கேதான் துரு.

மீட்டரும் இல்லையா? ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் ஒன்றை எடுத்து, பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்குப் போடுங்கள். விசிறி பெல்ட்டில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும் எஞ்சினில் மிஸ்ஸிங் நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை.

எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து மாட்டியபின் மேலே ஒரு பூச்சுப் பெயின்ட்டோ கிரீஸோ போடுங்கள். தேய்ப்பதற்கு முன்னால் பூசிவிடாதீர்கள்; அப்படிச் செய்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

எந்த சிலிண்டர்?

எர்த் சரி, கப்ளர் சரி, இன்னும் மிஸ் அடிக்கிறது என்றால் எந்த சிலிண்டர் என்று பிடிக்க வேண்டும். பி.எஸ்.4 காலத்து வண்டிகளில் டேஷ்போர்டுக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்றை அதில் செருகினால், கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் பிழையின் கோட் எண்ணைப் போனில் பார்க்கலாம். விலை மலிவான ஸ்கேனரும் இந்த வேலைக்குப் போதும். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, பி0303 மூன்றாவது, பி0304 நான்காவது. பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று என்றில்லை, பல சிலிண்டரிலும் நடக்கிறது. அப்போது எல்லாவற்றுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: எர்த், பெட்ரோல் அழுத்தம், காற்றுக் கசிவு.

இந்தக் கோட் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளாமல் அழிக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றினாலும் அது அழிந்துவிடும் என்பதால், ஸ்கேனர் கையில் இருந்தால் கப்ளர் வேலைக்கு முன்பே படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பழைய வண்டி சிலிண்டர் எண்ணைச் சொல்லாது. அதற்குக் கைமுறை உண்டு. ஐடிலிங்கில் ஓடவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டர் கப்ளராகக் கழற்றி மாட்டுங்கள். நல்ல சிலிண்டரின் கப்ளரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் மோசமாக உதறும். எதைக் கழற்றும்போது எந்த மாற்றமும் இல்லையோ அதுதான் ஏற்கெனவே செத்துக்கிடக்கும் சிலிண்டர். ஓடும் எஞ்சினில் பிளக் வயரையோ காயிலையோ பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கம் வேண்டாம். அங்கே பல்லாயிரம் வோல்ட் இருக்கிறது. எரியாத பெட்ரோலும் கன்வெர்ட்டருக்குப் போகும். இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றினால் அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலே போகாது.

இடம் மாற்றிப் பார்ப்பது

இரண்டாவது சிலிண்டர் மிஸ் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிளக் தலையிலேயே உட்காரும் தனித்தனிக் காயில் உள்ள வண்டி என்றால், 2-இன் காயிலை 3-க்கும், 3-இன் காயிலை 2-க்கும் மாற்றுங்கள். கோட் எண்ணை அழித்துவிட்டு ஓட்டுங்கள். இப்போது பி0303 வந்தால் நோய் காயிலோடு நகர்ந்திருக்கிறது, காயில்தான் குற்றவாளி. பி0302-வே திரும்ப வந்தால் காயில் நிரபராதி. அடுத்து அதேபோல பிளக். அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அவசரத்தில் காயிலையும் பிளக்கையும் சேர்த்து மாற்றினால் எதனால் நகர்ந்தது என்று தெரியாமல் போகும்.

இரண்டு காயில் நான்கு வயர் உள்ள வண்டிகளில் 1-ம் 4-ம் ஒரு காயிலில், 2-ம் 3-ம் ஒரு காயிலில் இருக்கும். 1, 4 இரண்டும் சேர்ந்து மிஸ் அடித்தால் காயில். ஒன்று மட்டும் என்றால் வயரையோ பிளக்கையோ பாருங்கள்.

வயர் இருந்தால் ஒரு நல்ல சோதனை இருக்கிறது. இரவில், விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, தள்ளி நின்று வயர்களைப் பாருங்கள். உப்பும் ஈரமும் படிந்த வயரில் மின்சாரம் பிளக் வரை போகாமல் வழியிலேயே எஞ்சின் உடம்புக்குத் தாவும். நீலமாக மின்மினிபோலத் தெரியும். டக் டக் என்று சத்தமும் வரும். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஸ்பிரே பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துப் பனிபோலத் தூவிப் பாருங்கள். கை மட்டும் கிட்டே போகக் கூடாது. காயில் உறையின் உள்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோலக் கரிக்கோடு இருந்தால் அதுவும் இதே நோய்தான். துடைத்துப் பயனில்லை, உறையை மாற்ற வேண்டும்.

பிளக் என்ன சொல்கிறது

எஞ்சின் ஆறியபின் கழற்றுங்கள். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை பிய்ந்து வரும். கழற்றும் முன் குழியில் காற்றடித்து மணலை ஊதிவிடுங்கள். இல்லாவிட்டால் தனுஷ்கோடி மணல் நேராக சிலிண்டருக்குள் போகும்.

நான்கையும் சிலிண்டர் வரிசையிலேயே ஒரு துணியில் வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் அந்த சிலிண்டர் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது தீப்பொறி பலவீனம். எண்ணெய் ஈரத்தோடு கறுப்பாக இருந்தால் ரிங் அல்லது வால்வ் சீல் வழியாக ஆயில் ஏறுகிறது. பெட்ரோல் வாசத்தோடு நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, தீப்பொறிதான் விழவில்லை. வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால் கூலன்ட் அந்த சிலிண்டருக்குள் போகிறதா என்று பாருங்கள். ரேடியேட்டர் தண்ணீர் அடிக்கடி குறைந்தால் சந்தேகம் உறுதியாகும்.

இடைவெளி பெரும்பாலான எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் 1 மி.மீ. சுற்றி இருக்கும், சரியான எண் வண்டிக் கையேட்டில் இருக்கும். முனை தேய்ந்து இடைவெளி அகன்றால் காயிலுக்குச் சுமை கூடும். சி.என்.ஜி.யிலும் ஓடும் வண்டியில் இது சீக்கிரம் தெரியும். காஸைப் பற்றவைக்க அதிக வோல்ட் வேண்டும் என்பதால், பெட்ரோலில் சரி, காஸில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் முதலில் பிளக்கையும் காயிலையும்தான் பார்ப்பார்கள். மாட்டும்போது மரையைக் கையாலேயே முழுக்க ஏற்றிவிட்டு, வாஷர் உள்ள புது பிளக் என்றால் ஸ்பானரில் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூட. பழைய பிளக் என்றால் லேசாக ஒரு இழுப்பு போதும்.

பெட்ரோல் பக்கம்: தடைக்காலம் முடிந்த வண்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. படகு நின்றால் பல மீன் வண்டிகளும் நிற்கும். ஜூன் பாதியில் சாவியைத் திருப்பினால் பாதி வண்டிகள் இருமும்.

காரணம் பல நேரம் டாங்கியில் இருக்கிறது. இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் வந்தால் கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியைத்தான். கடலோரத்தில் டாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் கேட்கவே வேண்டாம். டாங்கிக்குள் துருவும் சேரும்.

வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் கால் லிட்டர் பெட்ரோல் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு நின்றால் டாங்கியை வடிக்க வேண்டியதுதான். இந்த வேலையைத் திறந்த வெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். பெட்ரோல் லைனைக் கழற்றுவதற்கு முன், பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். லைனில் அழுத்தம் நிற்கும். அப்படியே கழற்றினால் முகத்தில் பீய்ச்சும்.

சாவியை ஆன் செய்ததும் டாங்கிப் பக்கம் இரண்டு விநாடி ஒரு முனகல் கேட்க வேண்டும். அது பம்ப். சத்தம் இருந்தால் அழுத்தமும் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். அழுத்தமானி வைத்துத்தான் அது தெரியும். பெரும்பாலானவற்றில் 3 பார் சுற்றி இருக்க வேண்டும். லோடில் இறங்கினால் ஃபில்டர் அடைப்பு அல்லது பம்ப் தளர்ச்சி. இன்ஜெக்டர் வேலை செய்கிறதா என்று கேட்க நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை அதன்மேல் வைத்துக் கைப்பிடியைக் காதில் வையுங்கள். நான்கும் ஒரே மாதிரி 'டிக் டிக்' என்று அடிக்க வேண்டும். ஒன்று ஊமையாக இருந்தால் அதன் இரண்டு பின்னுக்கு இடையில் ஓம் அளந்து மற்றதோடு ஒப்பிடுங்கள். சாதாரணமாக 12 முதல் 16 ஓம் இருக்கும்.

அடுத்த தடைக்காலத்துக்கு டாங்கியை நிரப்பி வையுங்கள். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறைவு. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து சும்மா இரண்டு நிமிடம் உறுமவிடுவதைவிட, உச்சிப்புளி வரைக்கும் ஒரு நடை ஓட்டிவருவது நல்லது.

காற்று, அப்புறம் ஒரு கண்ணி

வெயிலில் வெடித்த வேக்கூம் ஹோஸ், இன்டேக் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். காதை வைத்தால் 'ஸ்ஸ்' என்று கேட்கும். ஹோஸை ஒவ்வொன்றாகக் கிடுக்கியால் லேசாக நசுக்கி ஐடிலிங் மாறுகிறதா என்று பாருங்கள். கிளீனர் ஸ்பிரே அடித்துத் தேடுகிறவர்கள் உண்டு. சூடான எஞ்சினில் அது தீப்பற்றும் என்பதால் புதியவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஸ்கேனரில் ஃப்யூவல் டிரிம் என்று ஒரு எண் ஓடும். கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறது என்பதன் விழுக்காடு அது. கூட்டலோ கழித்தலோ 10-க்குள் இருந்தால் பிரச்சினை இல்லை. ஐடிலிங்கில் 20, 25 என்று ஏறி, 2500 சுற்றில் இறங்கினால் காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் சரியாக இருந்து, லோடில் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. மலிவு ஸ்கேனர் தரும் மிகப் பெரிய உதவி இந்த ஒரு எண்தான் என்பேன்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நான் ஆக்சிஜன் சென்சார் வாங்கி ஏமாந்ததும் இதில்தான். தீப்பொறி விழாத சிலிண்டரிலிருந்து பயன்படாத ஆக்சிஜன் அப்படியே சைலன்சருக்குப் போகும். சென்சார் அதைப் பார்த்து 'காற்று அதிகம்' என்று சொல்லும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். பி0171 என்று கோட் எண்ணும் வரும். உடனே சென்சார் கெட்டுவிட்டது என்று மாற்றுகிறார்கள். அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நம் பக்கத்தில் இன்னொரு வகையும் உண்டு: துருப்பிடித்த சைலன்சர் ஃப்ளாஞ்சில், சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று அது வழியாக உறிஞ்சப்பட்டு அதே பொய்க் கணக்கு வரும். மிஸ்ஸிங் கோட் எண்ணும் பி0171-ம் சேர்ந்து வந்தால் முதலில் மிஸ்ஸிங்கைத் தீருங்கள்.

கம்ப்ரஷன்

இவ்வளவும் பார்த்தும் தீரவில்லை என்றால் உள்ளே போகவேண்டிய கட்டம். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் நிற்கும் அழுத்தம்; அதை அளக்கும் கேஜ் இருந்தால் நீங்களே பார்க்கலாம். எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நான்கு பிளக்கும் வெளியே. இன்ஜெக்டர், காயில் கப்ளர்கள் கழற்றியிருக்க வேண்டும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை செல்ஃப் அடியுங்கள். நல்ல பெட்ரோல் எஞ்சினில் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை வரும். எண்ணைவிட நான்குக்கும் உள்ள வேறுபாடுதான் முக்கியம். ஒன்று மட்டும் மற்றவற்றில் முக்கால் பங்குக்கும் கீழே இருந்தால் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயிலை அந்தப் பிளக் குழியில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வ். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் ஹெட் கேஸ்கெட். காஸில் நிறைய ஓடிய வண்டிக்கு வால்வ் கிளியரன்ஸை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சீட்டுக்குள் வால்வ் புதைந்து இடைவெளி போயிருக்கும், சிலநேரம் அட்ஜஸ்ட்மென்டிலேயே சரியாகும்.

இதற்கு மேல் ஒர்க்‌ஷாப் வேலை. போகும்போது கையில் அந்தத் துண்டுத் தாள், கோட் எண்ணின் படம், எதை எங்கே மாற்றிப் பார்த்தீர்கள் என்ற குறிப்பு, கழற்றிய பிளக் நான்கும் வரிசை எண்ணோடு இருக்கட்டும். 'வண்டி மிஸ் அடிக்குதுண்ணே' என்று மட்டும் சொன்னால் முதலிலிருந்து தொடங்குவார். 'ரெண்டாவது சிலிண்டர், காயில் மாத்திப் போட்டுப் பாத்தாச்சு, நகரல, எர்த் 0.1 காட்டுது' என்றால் நேராக வேலைக்கு வருவார். மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம்.

வேலை முடிந்ததும் கோட் எண்ணை அழித்துவிட்டு, காலியாக ஒரு நடை, லோடோடு ஒரு நடை ஓட்டிப் பாருங்கள். நான் இப்போதும் விடியற்காலை ஈரத்தில், பெட்டி ஏற்றிக்கொண்டு, நான்காவது கியரிலேயே பாம்பன் மேட்டில் ஏறிப் பார்த்த பிறகுதான் மெக்கானிக்குக்கு மிச்சப் பணத்தைக் கொடுக்கிறேன்.